போரூர்–பூந்தமல்லி ஷேர் ஆட்டோவில் ‘கொலவெறி’: ஓர் ஒலிபரப்பியல் ஆய்வு

ஆய்வேடு எழுதுபவர்கள் முதலில் ஆய்வுச் சுருக்கம் கொடுப்பார்கள். நெறியாளர் முழுதும் படிக்க மாட்டார் என்ற முன்னெச்சரிக்கை அது. இந்த ஆய்வுக்கு நெறியாளர் யாரும் வாய்க்காததால் சுருக்கம் தேவைப்படவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2011 நவம்பர் 16 அன்று சோனி மியூசிக் நிறுவனம் ‘வொய் திஸ் கொலவெறி டி’ என்ற ஒற்றைப் பாட்டை வெளியிட்டது. ‘3’ படத்துக்கான பாட்டு. ஆனால் படம் திரைக்கு வர இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. இசை அனிருத் ரவிச்சந்தர். வயது இருபத்தொன்று, முதல் படம். எழுதிப் பாடியவர் தனுஷ். இயக்குநர் ஐஸ்வர்யா அப்போது தனுஷின் மனைவி. அனிருத் ஐஸ்வர்யாவுக்குத் தாய்மாமன் மகன். ஆக, இது வீட்டுக்குள்ளேயே முடிந்த வேலை. மெருகேற்றாத பிரதி ஒன்று முன்பே கசிந்துவிட்டதால், ‘சரி, நாமே வெளியிட்டுவிடுவோம்’ என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த காட்சிகளோடு யூடியூபில் போட்டார்கள். கூடம் ஏ.ஆர்.ரஹ்மானின் ஏ.எம். ஸ்டுடியோஸ். அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். சி.என்.என். அதை அந்த ஆண்டின் முதன்மைப் பாட்டு என்றது. அகமதாபாத் ஐ.ஐ.எம். வகுப்பில் வைத்துப் பிரித்து மேய்ந்தது. இந்தி, மலையாளம், பஞ்சாபி என்று தமிழ் தெரியாத வாயெல்லாம் பாடியது.

இவ்வளவுக்கும் இணையமே காரணம் என்பது அறிஞர் உலகம் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட முடிவு. இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. இணையம் செய்தது எண்ணுகிற வேலை மட்டும். பாட்டைப் பரப்பியது மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் ஓடிய ஷேர் ஆட்டோக்களின் எஃப்.எம். பெட்டி. கேட்டவர் தலையை அங்கே யாரும் எண்ணவில்லை. எண்ணாதது எதுவும் வரலாற்றில் ஏறுவதில்லை.

கள ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட இடம் காட்டுப்பாக்கம். போரூர் ரவுண்டானாவில் ஏறினால் ராமச்சந்திரா ஆஸ்பத்திரி, ஐயப்பன்தாங்கல் டெப்போ இரண்டையும் தாண்டி வருகிற ஊர். அதைத் தாண்டினால் குமணன்சாவடி, கரையான்சாவடி, பூந்தமல்லி. காட்டுப்பாக்கத்தில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். ஒன்றுமில்லை, நான் இறங்கும் இடம் அது. ஆனால் அறிவியல் காரணமும் ஒன்று உண்டு. காலை நெரிசலில் டெப்போ வாசலில் பேருந்து ஒன்று திரும்பினால் போதும், போரூரில் ஏறியவர் காட்டுப்பாக்கம் சேர்வதற்குள் மூன்று பாட்டு, அரை டஜன் விளம்பரம், ஒரு ஜோசியம் எல்லாம் கேட்டு முடித்திருப்பார். எந்தப் பாட்டையும் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கூடம் கிடைக்காது.

சோதனைக் கருவியை விவரிக்க வேண்டியது ஆய்வு மரபு. டாடா மேஜிக் என்றோ ஆபே என்றோ ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், சனங்களுக்கு எல்லாமே ஷேர் ஆட்டோதான். அதில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சட்டம் ஒரு எண் சொல்கிறது; ‘அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க, இன்னொருத்தரு வருவாரு’ என்று டிரைவர் வேறொரு எண் சொல்வார். பாட்டுப் பெட்டி டேஷ்போர்டில், ஸ்பீக்கர் பின்சீட்டுக்கு முதுகுப்புறம். இதில் யாரும் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தவருக்குப் பாடகர் குரல் மட்டும் எட்டும். பின்சீட்டுக்காரருக்குத் தாளம் முதுகெலும்பு வழியாக நேரே ஏறும். ஒரே வண்டியில் ஒரே பாட்டு இரண்டு பாட்டாகிவிடும். இரண்டு பேருக்கும் பிடித்தால்தான் அது ஹிட். இதைக் காட்டுப்பாக்கம் விதி என்று அழைக்க முன்மொழிகிறேன். வழிமொழிய யாராவது வரட்டும்.

டீசல் எஞ்சின் கொஞ்சநஞ்ச இசையையும் விட்டுவைக்காது. வயலின் கூட்டம் முதல் கியரிலேயே காணாமல் போகும். அடுக்கடுக்காய்ச் சொல் கொட்டும் வேகப் பாட்டு, மூன்றாவது கியரில் வெறும் இரைச்சலோடு இரைச்சல். மெலடி என்றால் லாரி ஹாரன் ஒன்று போதும். ‘கொலவெறி’ இந்தப் பகையையெல்லாம் முன்கூட்டியே யோசித்துச் செய்தது போல இருந்தது. பாடகர் அவசரமே படவில்லை. ஒரு சொல்லைப் போடுகிறார், கொஞ்சம் விடுகிறார், அடுத்ததைப் போடுகிறார். அந்த இடைவெளியில் ஒரு குழி, ஒரு பிரேக், ஒரு ‘சில்லறை குடுங்க’ எல்லாம் வந்து போக இடமிருந்தது. பாதியில் ஏறுகிறவருக்கும் நஷ்டமில்லை. எந்த இடத்தில் காதைக் கொடுத்தாலும் சற்று நேரத்தில் தலைப்பு வரி திரும்ப வந்து நிற்கும். தவிர, அதில் உறுமியும் நாதஸ்வரமும் சாக்ஸஃபோனும் இருந்தன. நாதஸ்வரம் சாமி புறப்பாட்டில் நான்கு மாடவீதியும் கேட்கும்படி வாசிக்கிற கருவி. வேட்டுச் சத்தத்தோடு பல நூற்றாண்டு பழகியதற்கு ஒரு டாடா மேஜிக் எஞ்சின் எம்மாத்திரம்?

நாதஸ்வரம் பற்றி இசையறிஞர்கள் எவரும் எழுப்பாத ஒரு கேள்வியை அந்த வழித்தடத்தில்தான் கேட்டேன். குமணன்சாவடி போகிற ஒரு பூக்கார ஆயா, மடியில் கூடை, பாட்டைச் சற்று நேரம் முகத்தைச் சுளித்தபடி கேட்டார்.

“இன்னாப்பா, அந்தப் புள்ள சொன்னதையே சொல்லினுகீறான்?”

“பொண்ணு உட்டுட்டுப் போயிட்சாம் ஆயா.”

“உட்டுட்டுப் போனதுக்கு நாயனம் எதுக்குடா ஊதுறாங்க?”

டிரைவரிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. கல்யாண வாத்தியத்தைக் கல்யாணம் நடக்காத பையனுக்கு வாசித்ததில்தான் அந்தப் பாட்டின் கிண்டல் முழுதும் இருக்கிறது என்பதை ஆயா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். அதே பருவத்தில் மும்பையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர், மெட்டு சாதாரணம், பாடியது தரக்குறைவு, சொற்கள் ரசனைக்கே அவமானம் என்ற பொருளில் சீறினார். நாதஸ்வரத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. விமர்சனம் என்று பார்த்தால் ஆயாவுடையதே ஒரு படி மேல்.

சொற்களைப் பற்றி அக்தர் பட்ட வருத்தத்துக்கும் பதில் வண்டிக்குள்ளேயே இருந்தது. முதல் வகுப்புப் பையன் நிறம், நிலா, ராத்திரி என்று மனப்பாடம் செய்கிற ஆங்கிலச் சொற்களைத் தமிழ் இலக்கணத்தில் கோத்த பாட்டு அது. ‘டெப்போவாண்ட லெஃப்ட்ல கட் பண்ணி ஸ்லோ பண்ணு, ஸ்கூல் பசங்க இறங்கணும்’ என்று சொல்லிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு அதில் அந்நியமாக ஒன்றுமே படவில்லை. பாடகர் நடுவில் வாத்தியக்காரர்களுக்கு உத்தரவு போடுவதுகூட டிரைவர் கிளீனரோடு பேசுகிற தோரணையில் இருந்தது.

இனி வரலாற்றுப் பின்னணி. இது இல்லாத கட்டுரையை ஆய்வு என்று ஒருவரும் மதிக்க மாட்டார்.

பாட்டு ஹிட்டாவதற்குத் தப்பிக்க முடியாத காது வேண்டும். இதைச் சென்னை மாநகராட்சி 1930-இலேயே கண்டுபிடித்துவிட்டது. மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924-இல் தொடங்கிய ஒலிபரப்பு பணமில்லாமல் நின்றுபோக, மாநகராட்சி அந்த வேலையைக் கையிலெடுத்து, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. காற்று வாங்க வந்தவன் கச்சேரியையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும் வரை இது நடந்தது. இரண்டாம் கண்டுபிடிப்பு டெல்லியில், எதிர்த் திசையில் நிகழ்ந்தது. 1952-இல் அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு கேட்டால் ரசனை கெடும் என்று வானொலியில் அதை ஏறக்குறைய ஒழித்தார். ரசனை திருந்தவில்லை, காது கடல் தாண்டிக் கொழும்புக்குப் போனது. உலகப் போரில் ராணுவத்துக்காக வைத்த சக்தி மிக்க சிற்றலைக் கருவிகள் இலங்கை வானொலியின் கையில் இருந்தன. இந்தத் துணைக்கண்டம் மொத்தமும் அங்கே குடியேறிய பிறகுதான், 1957-இல், டெல்லி மனமிரங்கி விவித் பாரதியைத் திறந்தது.

கொழும்புக்குப் போன காது வெறுங்கையோடு திரும்பவில்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.இ.மனோகரனின் ‘சுராங்கனி’ என்று சினிமாவோடு சம்பந்தமே இல்லாத பாட்டுகளைக் கொண்டுவந்தது. அவர்கள் ஊரில் அதற்குப் பொப் என்று பெயர். ‘சுராங்கனி’ மெட்டு இங்கே 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளேயே இளையராஜா இசையில் நுழைந்துவிட்டது. சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த அந்த மனிதர் சென்னைக்கே வந்து, தமிழ்ப் படங்களில் வில்லனாக உதை வாங்கி, 2018-இல் இங்கேயே காலமானார். இரண்டு மொழியைக் கலந்த எளிய வரி, கைதட்டினால் போதுமென்கிற தாளம், வானொலி. ‘கொலவெறி’க்கு நாற்பது வருடம் முன்பே செய்முறை தயாராக இருந்தது. இதைச் சொல்லாமல் ‘புதுமை, புதுமை’ என்று கொண்டாடிய வணிகவியல் மாணவர்களை நான் மன்னித்துவிட்டேன்.

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. தனியார் எஃப்.எம். இங்கே 2003-இல் வந்தது. ஷேர் ஆட்டோவும் ஏறத்தாழ அதே காலத்தில் பெருகியது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததை யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை.

இணையக் கட்சியார் இங்கே குறுக்கிடுவார்கள்: ‘யூடியூப் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருக்கிறதே?’ இருக்கிறது. ஆனால் 2011-இல் காட்டுப்பாக்கத்தில் ஒரு வீடியோ பார்ப்பது எப்படியென்று அவர்களுக்கு மறந்துவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றி முடிப்பதற்குள் ரீசார்ஜ் தீரும். மலிவு டேட்டாவோடு ஜியோ வந்தது 2016-இல். அதுவரை பையன்கள் கையிலிருந்த பட்டன் போனில் எஃப்.எம். இருந்தது. இயர்போன் ஒயரே ஏரியலாக வேலை செய்ததால் ஒயரைப் பிடுங்கினால் பாட்டு நின்றுவிடும். ஆகவே ஒரு காதில் ஒருவன், மறு காதில் நண்பன். ஒயரின் நீளமே நட்பின் எல்லை. போனில் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவன் செல்போன் கடைக்குப் போய் மெமரி கார்டைக் கொடுப்பான். கடைக்காரர் கம்ப்யூட்டரில் சொருகிப் பாட்டு ஏற்றித் தருவார். அப்படி ஏற்றியது எந்த யூடியூப் கணக்கிலும் சேராது. கடையில் பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டுமே, அந்தப் பெயரை அவன் கற்றது எங்கே? காலையில் வந்த வண்டியில்.

2011 டிசம்பர் கடைசியில் ஜப்பான் பிரதமர் நோடா டெல்லி வந்தபோது, மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷும் அழைக்கப்பட்டார். காட்டுப்பாக்கத்தில் இதனால் பெரிய அசைவு எதுவும் தென்படவில்லை. பாட்டு அதற்குள் அங்கே பழசாகியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ‘கொலவெறி’க்கு முன்னால் கணக்கு, பரீட்சை, ஹெட்மாஸ்டர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பாடி முடித்துவிட்டார்கள். 2012 மார்ச் 30-இல் படம் வந்தது. பாட்டு ஓடிய ஓட்டம் படம் ஓடவில்லை. பாட்டு சிரித்துக்கொண்டே வந்த வீட்டுக்குப் படம் அழுதுகொண்டே வந்தது என்பது என் துணிபு. காரணம் பலர் பலவிதமாகச் சொல்வார்கள்.

ஆய்வின் குறைபாடுகளையும் சொல்லிவிட வேண்டும். இந்த வழித்தடத்தில் பயணம் செய்த ஒருவரும் இரண்டாம் சரணம் என்னவென்று சொல்லவில்லை. ஆகவே அது பற்றிய முடிவுகள் இதில் இல்லை. மேலும், சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கவும் வழியில்லை. இப்போது வண்டியில் ஏறினால் ஒவ்வொருவர் காதிலும் ஒயரில்லாத ஒரு பொட்டு. பத்து பேர், பத்துப் பாட்டு. மெட்ரோவில் காட்டுப்பாக்கத்துக்கென்றே மேலே ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தடத்துக்கு வாங்கிய ரயிலுக்கு டிரைவரே கிடையாதாம். டிரைவரே இல்லையென்றால் நமக்குப் பிடிக்காத பாட்டை யார் போடுவார்கள்?

கடைசி முயற்சியாக, பாட்டுப் பெட்டி இன்னும் டேஷ்போர்டில் இருக்கிற ஒரு வண்டியாகப் பார்த்து ஏறி, ஆய்வு நிமித்தம் எஃப்.எம். போடச் சொன்னேன். பெட்டி செத்து ரொம்ப நாளாயிற்று என்றார் டிரைவர்.

“அப்புறம் ஏண்ணே அதைக் கழட்டாம வெச்சிருக்கீங்க?”

“கழட்டுனா அந்த ஓட்டைல எலி வருது சார்.”