ஒன்பதால் வகுபடுகிறதா பார்

1985-ல் கும்பகோணம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். மூன்றாவது மாதமே சேமிப்பு லெட்ஜர் பேலன்சிங் என் தலையில் விழுந்தது. கூட்டிப் பார்த்தால் 270 ரூபாய் உதைத்தது. மறுபடி கூட்டினேன், கை நடுங்க ஆரம்பித்தது. மாலை ஆறு மணி. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

ஹெட் கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, ஒன்பதால வகுபடுதா பாரு." வகுபட்டது. "அப்போ எங்கேயோ எண்ணை இடம் மாத்திப் போட்டிருக்கே." பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். அவர் லெட்ஜரைப் படிக்கப் படிக்க நான் டிக் போட்டேன். கேஷை முடித்துவிட்ட கேஷியரும் கிளம்பாமல் இன்னொரு வவுச்சர் கட்டை எடுத்துக்கொண்டார். டீ வந்தது. எட்டரைக்கு அகப்பட்டது: 850-ஐ 580 என்று எழுதியிருந்தேன். யாரும் திட்டவில்லை. சேர்ந்தே ஷட்டரை இறக்கினோம். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் குடும்பமே கலங்கிப்போகும்.

என் மகளும் இன்று வங்கியில்தான் இருக்கிறாள். கோர் பேங்கிங்கில் கூட்டல் கழித்தலை எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. ஆனால் இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வருகிறது: இன்று எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றீர்கள்? 'இல்லை' என்று பதில் போடுவதற்குள் அவள் விரல் எத்தனை முறை தயங்குகிறது! எண்பது பேர் இருக்கும் குழுவில் அந்த நேரத்தில் அவளுக்குத் துணையாக ஒருவரும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சிக்கு அவளைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். மூச்சை இழுத்துவிடக் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வாரத்தின் ஒரே ஓய்வு நாள் அதில் போனது. திங்கட்கிழமை டார்கெட் அப்படியே இருந்தது. பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவுதான் 'பர்ன் அவுட்' என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே வரையறுத்துவிட்டது. ஊழியருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் எப்படித் தீரும்?

தனியாகத் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம். மேலாளர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: அந்தப் பத்தரை மணிக் கேள்வியை விட்டுவிடுங்கள். மாலையில் ஒரு முகம் வாடியிருந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.