வெள்ளிக்கிழமை நண்டு

தவக்கால வெள்ளியில் இறைச்சி ஆகாது என்று சட்டம் போட்டவர்கள் மட்டக்களப்பு வாவியைப் பார்த்திருக்கமாட்டார்கள். செட்டிபாளையத்தில் கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வாவி. நடுவிலே குடியிருந்துகொண்டு இறைச்சியைத் துறப்பது, மாரியில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கமாட்டேன் என்று நேர்ந்துகொள்வது போல.

வெள்ளிகளில் எங்கள் வீட்டுக் கோழி தப்பும். நண்டும் இறாலும் அகப்படும். நண்டுக்காலை உறிஞ்சியபடியே, சிலுவைப்பாதைக்கு நேரமாகிறது என்று அவசரப்படுவோம்.

முன்வீட்டு அக்கா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு இருப்பவர். ஒருமுறை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"விரதமெண்டீங்க, நண்டு மணக்குதே?"

"எங்கட விரதத்துக்கு நண்டு ஆகும் அக்கா."

"அப்ப உங்கட சாமி நல்ல சாமி கா!"

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் திருத்தி எழுதியதன்படி 14 வயதிலிருந்து இறைச்சி விலக்கு. முட்டை ஆகும், பால் ஆகும், மிருகக் கொழுப்பில் தாளிக்கவும் செய்யலாம். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருநேரம் வயிறாரச் சாப்பிட்டு, காலையும் மாலையும் கொஞ்சமாக ஏதும் எடுக்கலாம். அந்தக் 'கொஞ்சத்தை' அளக்கும் அதிகாரத்தை எங்கள் மாமா தானே எடுத்துக்கொண்டார். நாலு குழல் பிட்டு. மெதடிஸ்தச் சம்பந்திகளுக்கு வெள்ளியில் எதுவும் ஆகும். சாராயம் மட்டும் எந்தக் கிழமையிலும் ஆகாது. மாமா அந்தப் பேரத்துக்கு உடன்படவில்லை.

மாமாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2010இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பேராயர் ஏமண்ட், முதலையும் மீன் வகைதான், தவக்காலத்தில் தின்னலாம் என்று ஒருவருக்குக் கடிதமே கொடுத்தார். எங்கள் வாவியிலும் முதலை உண்டு. அது எங்களைப் பிடிக்க வெள்ளி, சனி பார்ப்பதில்லை.

உண்மையான துறவு எங்களுக்கு வைகாசியில்தான் வரும். கண்ணகையம்மன் கோயில் கதவு திறந்தால் குளுத்திச் சடங்கு முடியும்வரை ஊர் மச்சம் தொடாது. ரோமாபுரி இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் அம்மம்மா எங்கள் வீட்டு மீன்சட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார். கருவாட்டுப் பேணியும் மறைந்துவிடும்.

தம்பி வேதாகமத்தோடு வந்தான். பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய இடத்தை விரித்துப் பிடித்தான்.

"அம்மம்மா, கிறிஸ்து நமக்கு விடுதலை தந்திட்டார். நாம சட்டத்துக்கு அடிமையில்ல."

நான் தின்பது சகோதரனுக்கு இடறலானால் இறைச்சியே வேண்டாம் என்று அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அவன் புரட்டவில்லை. அம்மம்மாவும் படித்தவரில்லை. பருப்பைக் கடைந்தபடியே கேட்டார்:

"விடுதலை உனக்குத்தான் மகன். பொரிக்கிற மணம் ஆருக்குப் போகும்?"

தம்பி மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிப் பக்கம் போய், மாட்டிறைச்சிக் கொத்துரொட்டி தின்றுவிட்டு வந்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது எங்கள் இருவருக்கும் இரவுச் செபத்தின்போதுதான் ஞாபகம் வந்தது. தவக்காலம் முடிந்துவிட்டதே என்று வாதாட அவனுக்கு வாய் வந்தது. ஏப்பமும் கூடவே வந்தது.