பால்கனிச் சுவரில் பாலைவனம்

சென்னை அடுக்குமாடி வீட்டின் பால்கனி, பிளானில் ஆறடிக்கு மூன்றடி. வாஷிங் மெஷின், காலி சிலிண்டர், யாரும் ஓட்டாத சைக்கிள், ஏசியின் அவுட்டோர் யூனிட் எல்லாம் போக மிஞ்சுவது உங்கள் இரண்டு பாதங்கள் நிற்கிற இடம். தோட்டம் போட்டே தீருவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். இனி சுவர்தான் கதி. அதில் வரிசையாகத் தொட்டி மாட்டி, குண்டு குண்டு இலைகளோடு இருக்கும் சக்குலென்ட் செடிகளை நட வேண்டும். தண்ணீரே கேட்காத செடி என்று நர்சரிக்காரர் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்றுதான் அவர் கேட்கவில்லை.

முதல் வேலையாக, கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் பச்சைச் சுவர் படங்களை அழித்துவிடுங்கள். செங்குத்துத் தோட்டத்துக்கு 1938இலேயே அமெரிக்காவில் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் என்ற பேராசிரியர் காப்புரிமை வாங்கிவிட்டார். பிற்பாடு அதை உலகமெல்லாம் பேச வைத்தவர் பிரான்ஸின் பாட்ரிக் பிளாங்க். பாரிஸில் கே பிரான்லி அருங்காட்சியகச் சுவரை மூடியிருப்பது அவருடைய தோட்டம்தான். அங்கே மண் கிடையாது. ஃபெல்ட் துணியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், செடிகளும் அதற்கேற்ற செடிகள். அதே துணிப்பையில் நீங்கள் எச்சிவேரியா என்ற சக்குலென்டை நட்டால், ஐப்பசி அடைமழையில் இலைகள் கண்ணாடியாகி, தொட்டால் கையோடு கழன்று வரும்.

ஆகவே மண். செம்மண் ஒரு பங்கு, பருமணலும் உடைத்த செங்கல் சில்லும் இரண்டு பங்கு. நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில்தான் உட்கார்ந்திருக்கும். அதை வேரிலிருந்து உதறி எடுத்துவிடுங்கள். நட்டவுடன் தொட்டிகள் பொருத்திய சட்டத்தை நிமிர்த்தி மாட்டினால் அத்தனையும் கீழ்வீட்டு மாமி காயவைத்த வடாத்தில் போய் விழும். வேர் பிடிக்க ஒரு மாதமாவது சட்டம் தரையில் படுத்தே கிடக்க வேண்டும். அந்த ஒரு மாதமும் உங்கள் செங்குத்துத் தோட்டத்தைத் தாண்டிக் குதித்துத்தான் துணி உலர்த்தப் போவார்கள். வீட்டில் பேச்சுவார்த்தை குறையும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடித் தேர்வில் ஊட்டிக்கு டூர் போய் எச்சிவேரியா வாங்கி வந்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை. எச்சிவேரியாவில் பெரும்பகுதி மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகே திறந்து மூச்சு வாங்கும். நீரை மிச்சம் பிடிக்க அதுதான் வழி. சென்னை மே மாத ராத்திரியோ 28 டிகிரியைவிட்டு இறங்க மனமில்லாதது. செடி எப்போது மூச்சு விடும்? அதனால் மேல்தட்டில் கற்றாழையும் மருளும், ஈரம் வடிந்து தேங்கும் அடித்தட்டில் கற்பூரவல்லி, ஓரத்தில் கம்பியைப் பிடித்து ஏற ஒரு பிரண்டை. துவையலுக்கும் ஆகும். பென்சில் கேக்டஸ் என்று விலை சொன்னால், ஊர் வேலியில் நிற்கும் திருகுகள்ளியை நினைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

இனிதான் கடினமான பகுதி: தண்ணீர். எப்போது ஊற்றுவது என்பது சுலபம். இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் குத்துங்கள். மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம். ஊற்றாமல் இருக்கச் செய்வதுதான் பாடு. காலையில் மாமியார், "பாவம், வாடிக் கிடக்கு" என்று அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுவார். பத்து மணிக்கு வேலைக்கு வரும் அக்கா, பால்கனி கழுவும்போது சுவரையும் சேர்த்துக் கழுவுவார். வாக்கிங் முடித்து வரும் மாமனார் பாட்டிலில் மிச்சமிருப்பதை வீணாக்க மாட்டார். சாயங்காலம் நீங்கள். எந்தச் செடியும் இந்த வீட்டில் தாகத்தால் சாகாது. தகவல் பலகை வைத்துப் பயனில்லை. கண்ணில் படும் பச்சைக்கெல்லாம் நீர் வார்ப்பது தர்மம் என்று வளர்ந்தவர்கள் நாம். பக்கத்திலேயே ஒரு துளசி மாடம் வையுங்கள். வருகிற தண்ணீரெல்லாம் அங்கே திரும்பும். நான் அறிந்தவரை இதைவிடச் சிறந்த வடிகால் அமைப்பு கிடையாது.

பூச்சி? கம்பெனி காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளிமேல் சாயப்பூச்சியை வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்கும் திட்டம். பூச்சிக்காக அவர் கடிதம் கடிதமாக எழுதினார். தொழில் என்னவோ எழும்பவில்லை. உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அந்தப் பூச்சிக்கு உறவான மாவுப்பூச்சி, அழைக்காமலே இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சாக வந்து உட்காரும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

கடைசியாக அசோசியேஷன். வெளிச்சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, முகப்பின் அழகு கெடுகிறது என்று செயலாளர் சுற்றறிக்கையோடு வருவார். வாதாட வேண்டாம். நம் ஊரில் வாசல் நிலைக்கு மேலே கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருந்து சில வீடுகளில் பூவும் விடுகிறதே, அதைவிடக் கச்சிதமான செங்குத்துத் தோட்டம் எந்தப் பேராசிரியரிடமும் இல்லை. அதை எந்த அசோசியேஷனும் எதிர்த்ததும் இல்லை. உங்கள் சட்டத்தின் நடுவிலும் ஒரு கற்றாழையைத் தலைகீழாகக் கட்டி, கறுப்புக் கயிற்றில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துவிடுங்கள். கேட்டால், "திருஷ்டிக்கு சார்" என்று சொல்லுங்கள். எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போவார்.