வீட்டுக்குச் சக்கரம் எதுக்குலே வச்சே?

ஏலே பேராண்டி, வா வா. வாசல்ல ஏதோ கல்யாண மண்டபம் வந்து நிக்குன்னுல்லா நெனச்சேன். கேரவனா? சினிமாக்காரன் பவுடர் பூசுத வண்டியை எங்கேருந்துலே பிடிச்சே? உள்ள மெத்தை, அடுப்பு, கக்கூஸ், உச்சியில சோலார் வேற. ஒங்க ஆச்சி எட்டிப் பாத்துட்டுச் சொல்லுதா: “முந்தி வீட்டை விட்டு ஓடுனானுவ, இப்பம் வீட்டோட ஓடுதானுவ.”

கார்த்திகை முடியப் போவுது, கீவானம் கருத்துக் கெடக்கு. தொரை கரண்டும் இல்லாம, பக்கத்து வீடும் இல்லாம பத்து நாள் காட்டுக்குள்ள தங்கப் போறியளாம். நல்லது. தோதான எடம் நான் சொல்லுதேன்.

காஞ்ச ஓடைக்குள்ள எறக்கி நிறுத்து. மெத்துமெத்துன்னு மணலு, காத்துக்கு நல்ல மறைப்பு. மலையில பெய்ஞ்ச தண்ணி நடுச்சாமத்துல வந்து ஒன்னை எழுப்பும், அலாரம் மிச்சம். ஓடுத தண்ணி முழங்காலைத் தாண்டுனா வண்டி மெதக்கும்லே. அது எத்தனை லட்சத்து வண்டின்னு தண்ணி கேக்காது. ஓடை வேண்டாம்னா கரிசக்காடு இருக்கு. காஞ்சா கல்லு, நனைஞ்சா களி. டிராக்டர்காரனுக்கும் பொழப்பு வேணும்லா?

காத்து எந்தப் பக்கம்னு பாத்து வண்டி மூக்கை அதுக்கு நேரா நிறுத்து. வெலாவைக் காட்டுனா ராத்திரி பூரா ஒனக்குத் தொட்டில்தான். வாசல்ல விரிச்சிருக்கியே துணிப் பந்தலு, அதை மொதல்ல சுருட்டு. இல்லன்னா காத்து கம்பியோட கொண்டு போயிரும்.

இடி எறங்கும்போது கதவைச் சாத்திட்டு உள்ளயே கெட. இரும்புக் கூடு மின்னலை வெளிவாக்குல தரைக்கு அனுப்பிரும். நீ கம்பியைத் தொடாம இருந்தாப் போதும். படம் எடுக்கேன்னு பனைமூட்டுல போய் நிக்காதே. பனைக்கு இடி வாங்கிப் பழக்கம் உண்டு, ஒனக்கு இல்லை.

குளிருதேன்னு சன்னலை எல்லாம் அடைச்சுக்கிட்டு கேஸ் அடுப்பை எரிய விடாதே. அதுல கெளம்புத விஷவாயுக்கு வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது. டீசல் போடாமலே மேலோகம் போய்ச் சேந்துருவே.

வெயில் நாலு நாள் மொகம் காட்டலன்னா ஒன் சோலார் பலகை சும்மா தகரந்தான். பிரிட்ஜை அணைச்சிட்டு, இருக்குத கரண்டை வெளக்குக்கும் போனுக்கும் வை. போனையும் நம்பாதே. பேட்டரி ரேடியோ ஒண்ணு வாங்கிக்க, திருநெல்வேலி வானொலி பேசும்.

கெழவன் பயங்காட்டுதான்னு சிரிக்கே, என்னா? 2023 டிசம்பர் 17, மார்கழி பொறந்த அன்னைக்கு ஆரம்பிச்ச மழையை நீ பெங்களூர்ல டிவியில பாத்தே. நாங்க இங்கன நனைஞ்சோம். பேரு வச்ச புயல்கூட இல்லை அது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்! நம்ம ஜில்லாவுல வருசம் பூரா கூட அம்புட்டுப் பெய்யாது. கொளம் ஒடைஞ்சு, தாமிரவருணி ஊருக்குள்ள வந்துட்டா. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோட நின்னு போச்சு. தண்டவாளத்துக்கு அடியில கெடந்த ஜல்லியை வெள்ளம் அள்ளிட்டுப் போயிட்டு. அம்மாம்பெரிய ரயிலுக்கே அந்தக் கதி. நானும் ஒங்க ஆச்சியும் மச்சில உக்காந்து, ஹெலிகாப்டர் போட்ட பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்னோம். டவரு படுத்துட்டதால ஒனக்குப் போன் போட முடியலை.

எங்க வீட்டுக்குச் சக்கரம் இல்லைலே, அதான் மாட்டுனோம். ஒன் வீட்டுக்கு இருக்கு. அது காட்டுக்குள்ள போறதுக்கு மட்டுமா? ரேடியோவுல செவப்பு எச்சரிக்கைன்னு சொன்ன ஒடனே, ‘இயற்கையை ரசிக்கேன்’னு ஒக்காந்திராம சாவியைத் திருப்பு. மேட்டாங்காடு பாத்து ஊருக்குள்ள வந்துரு.

மழைக்கு முன்னால வந்தா ஆச்சி கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவா. வெள்ளத்துக்குப் பொறவு வந்தா அவளும் மச்சிலதான் இருப்பா. வரும்போது கயிறு கொண்டா.