அட்வான்ஸ் எங்கே போகிறது?

எங்கள் குப்பனூரில் வீடு வாடகைக்கு விடுவது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நடந்துவிடுகிற காரியம். சேலத்திலிருந்து வலசையூர் தாண்டி வந்தால் வரும் ஊர். ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு சாலை இந்த வழியாகத்தான் போகிறது. எஸ்டேட் வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ வருகிறவர் டீக்கடையில் விசாரிப்பார். கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். "சாவி ஜன்னல் மேல இருக்குது, பார்த்துட்டு வாங்க" என்று வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுக்கும். வாடகையில் இழுபறி இருக்காது. ஆடு கட்ட இடம் உண்டா, இல்லையா என்பதில்தான் இருக்கும்.

இந்த அனுபவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் சென்னைக்கு வீடு பார்க்கப் போனேன்.

மகளுக்கு ஓ.எம்.ஆரில் வேலை. அவளும் உடன் வேலை பார்க்கும் பெண்ணும் சேர்ந்து வேளச்சேரிப் பக்கம் வீடு தேடினார்கள். போன இடமெல்லாம் "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்று கதவைச் சாத்தினார்கள். "அப்பா, நீங்க ஒரு தடவை வந்து நின்னாப் போதும்" என்றாள். வந்து என்ன பேசணும் என்று கேட்டேன். "பேசாம நின்னா இன்னும் நல்லது." ஆகவே ஆதார் அட்டை, பான் அட்டை, சம்பளச் சீட்டு, இவற்றோடு இணைக்க வேண்டிய இன்னொரு ஆவணமாக நான் ஏற்காடு எக்ஸ்பிரஸில் அனுப்பி வைக்கப்பட்டேன்.

புரோக்கர் தம்பி நல்ல பையன். எந்த வீட்டைக் காட்டினாலும் "பறக்கும் ரயில் ஸ்டேஷன் அஞ்சே நிமிஷம் சார்" என்பான். பறந்தால் அஞ்சு நிமிஷம்தான், நடந்துதான் பார்த்தோம். அவன் காட்டிய வீடுகளில் ஒன்றில் படுக்கையறை இருந்தது, ஜன்னல் இல்லை. இன்னொன்றில் ஜன்னல் இருந்தது, அது பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் திறந்தது. இங்கே குடியிருந்தால் அவர்கள் வீட்டு ரசத்தில் உப்புப் பார்த்துச் சொல்லலாம். கடைசியில் ஒரு மாடி வீடு மகளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு படுக்கையறை, மாதம் 22,000 ரூபாய்.

ஓனர் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் மகளின் கம்பெனியைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ ஒரு கேள்வி இல்லை. நேரே என்னைப் பார்த்தார்.

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

"சேலமுங்க."

"சேலத்துல எந்தப் பக்கம்?"

"குப்பனூர். வலசையூர் தாண்டி."

"அது சரி. நீங்க எந்தப் பக்கம்?"

கேள்வி திசையைப் பற்றியது அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. புரோக்கர் தம்பி காதருகே குனிந்து, "சாப்பாட்டுப் பக்கம் என்னன்னு கேக்குறாரு சார்" என்று நயமாகத் திருத்தினான். சாப்பாட்டைக் கேட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும் என்பது சென்னை ஓனர்களின் துணிபு. நான் வேண்டுமென்றே பூகோளத்தை விட்டு நகராமல், "ஏற்காடு அடிவாரத்துப் பக்கமுங்க" என்றேன்.

ஏற்காடு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. போன மே மாதம் குடும்பத்தோடு கோடை விழாவுக்கு வந்தாராம். உடனே முகம் வாடியது. "அநியாயம் சார் உங்க ஊரு! ஒரு ரூமு, அதுல ஒரு கட்டிலு, ஜன்னலைத் திறந்தா சுவரு. அதுக்கு மத்த நாள்ல வாங்கற மாதிரி மூணு மடங்கு கேக்குறான். கேட்டா சீசன்றான். வந்தவன் வேற எங்க போவான்னு ஒரு தைரியம்தானே?"

"மலை மேல இடம் கம்மி, வர்ற ஜனம் ஜாஸ்தி" என்றேன்.

"அதுக்காக ஆளை உரிக்கிறதா?"

அன்றைக்கு முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே இன்பம் அந்தக் கேள்விதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் மகளைப் பார்த்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

பிறகு நிபந்தனைகளுக்கு வந்தார். மெயின்டனன்ஸ் தனி. கரண்டுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் 2016-ல் அறிவித்த சலுகை ஓனர் வீட்டு வாசல் வரை வந்து அங்கேயே தங்கிவிட்டது. சப் மீட்டருக்கு மாடிப்படி ஏறும் பழக்கம் அதற்கு இல்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை எங்கே மாட்டுவது? போனில் பார்க்க வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும். ஆணியே அடிக்காத சுவருக்கு எதற்குப் பெயிண்ட் என்று நான் கேட்கவில்லை. ஆவணம் பேசக் கூடாது.

தண்ணீர் பற்றி மட்டும் கேட்டேன். "2015 வெள்ளத்துலகூட நம்ம வீட்டுக்குள்ள வரல சார். ரெண்டாவது படி வரைக்கும்தான். 2023 மிக்ஜாம் புயலுக்கு மூணாவது படி" என்றார் பெருமையோடு. நான் கேட்டது குழாய்த் தண்ணீரை. "அதுவா? வெயில் காலத்துல லாரி சொல்லிக்கணும், ஷேர் பண்ணிக்கலாம்." இந்த நகரத்துக்குத் தண்ணீரோடு இருக்கும் உறவே இப்படித்தான். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் கடல். டிசம்பரில் வாசற்படியில் ஏரி. 2019 கோடையிலோ குடிக்க ஒரு சொட்டு இல்லாமல், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் காவிரித் தண்ணீர் போனது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்கு ரயிலேறுவது பழைய கதை. அந்த வருடம் தண்ணீரும் ஏறியது. தண்ணீரை மட்டும் யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை.

அட்வான்ஸ்! பத்து மாத வாடகை, 2,20,000. அக்ரிமெண்ட் பதினோரு மாதத்துக்கு. ஆக, குடியிருக்கப் போகிற பதினோரு மாதத்தில் பத்து மாதத்துக்கான பணத்தை முதல் நாளே கொடுத்துவிட்டு, பிறகு முதல் மாதத்திலிருந்து வாடகையும் கொடுக்க வேண்டும். பேசிப் பேசி ஆறு மாதத்துக்கு இறக்கினோம், 1,32,000. ஓனர் ஏதோ சீதனம் கொடுத்தவர் போல எழுந்து போனார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மகள் அன்று இரவு போனில் தேடிப் படித்துக் காட்டினாள். 1960-ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. ஊர் பத்து மாதம் வாங்கியது. சட்டம் யோசித்துப் பார்த்து ஊரோடு கொஞ்சம் ஒத்துப்போகலாம் என்று முடிவெடுத்து, 2017-ல் புதிய சட்டமாக வந்து மூன்று மாதம் என்றது. அதிலும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. ஓனர் ஆறு என்கிறார், வீடு தேடி அலைந்து கால் வீங்கிய நாம் சரி என்கிறோம். இதுதான் இரு தரப்பு ஒப்புதல். அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. அதற்கு முந்தின நாள்தான் செழியன் எடுத்த 'டு லெட்' படம் தியேட்டருக்கு வந்தது. ஐ.டி. கம்பெனிகளின் வரவால் வாடகை எகிறிய 2007-ல், சென்னையில் வீடு தேடி அலையும் ஒரு சிறு குடும்பத்தின் கதை. வீடு தேடுகிறவன் வியாழக்கிழமை படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, வெள்ளிக்கிழமை சட்டத்தைப் படித்துச் சிரித்திருக்கலாம்.

வாடகை குறைய வழியே இல்லையா என்றால், உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டபோது ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானபோது, மயிலாப்பூர் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. போனவர்களில் பலர் உள்நாட்டு ஊர்களில் வாடகை வீடு தேடி அலைந்தார்கள். 2020-ல் கொரோனா வந்து எல்லாரும் மடிக்கணினியோடு சொந்த ஊர் திரும்பியபோது, ஓ.எம்.ஆர். நெடுகிலும் டூலெட் பலகை ஆடியது. என் மகள் வயதுப் பிள்ளைகள் அப்போது எங்கள் ஊர் மொட்டை மாடிகளில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள். பகைவன் கப்பலோ பெருந்தொற்றோ இல்லாமல் சாதாரணமாக ஓனர் தானே வாடகையைக் குறைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் எனக்கு வாடகையைவிட அந்த அட்வான்ஸ்தான் பெரிய அதிசயம். 1,32,000 ரூபாயை ஓனர் கையில் கொடுத்ததும், அவர் அதை எண்ணக்கூட இல்லை. கீழே டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த பழைய குடித்தனக்காரரைக் கூப்பிட்டு, பெயிண்டிங் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அந்த மனிதர் அதை வாங்கிக்கொண்டு மடிப்பாக்கத்துக்கு விரைந்தார். அங்கே புதிய ஓனர் காத்திருக்கிறார். அவருக்கு முன்னால் இன்னொரு பழைய குடித்தனக்காரர் டெம்போவோடு காத்திருக்கிறார். "புது ஆள் வந்ததும் தந்துடறேன்" என்று ஓனர்கள் சொல்வது சாக்கு என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே அவர்களிடம் இல்லை! ஒரே பணம்தான் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை என்று ஊர் முழுக்க டெம்போவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. முதன்முதலில் அதை வாங்கியவர் என்றைக்கோ மாடி எடுத்துவிட்டார். அந்த மாடிக்குத்தான் நாம் வாடகை கொடுக்கிறோம். ஓடுகிற ஓட்டத்தில் பெயிண்டிங் சார்ஜ் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாத வாடகையாக உதிர்ந்துகொண்டே போகிறது.

ஊர் திரும்பியதும் எனக்கும் ஓனர் ஆசை வந்தது. எங்கள் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளில் ஒரு டிரைவர் தம்பி குடியிருக்கிறார். அவரிடம் ஒரு மூன்று மாத அட்வான்ஸாவது சட்டப்படி கேட்கலாமே என்றேன். என் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "கேளுங்க. அப்படியே போன மாசம் அந்தத் தம்பிகிட்ட வாங்கின கைமாத்தையும் கழிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். விஷயம் அத்தோடு முடிந்தது.

இப்போது ஒரு விண்ணப்பம். மகளுக்கு வேலை சிறுசேரிப் பக்கம் மாறுகிறது. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புது ஆள் வந்தால்தான் அட்வான்ஸ் வரும் என்று ஓனர் சொல்லிவிட்டார். வாசகர்களில் யாராவது வேளச்சேரியில் வீடு தேடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து உடனே போய்ப் பாருங்கள். நல்ல காற்றோட்டம். ஒரு ஆணிகூட அடிக்காத சுவர். ஸ்டேஷன் அஞ்சே நிமிஷம். மழைக்காலத்தில் தண்ணீர் மூன்றாவது படிக்கு மேல் வராது. எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும், ஏற்காட்டுப் பக்கம் என்று சொல்லிவிடாதீர்கள்.