பாதிப்பில்லாத படைப்பாளர்

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றாலும் கவலையில்லை, உங்கள் வாட்ஸ்அப் எண் யார் மூலமாவது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஊருக்கு ஒருவர் என்பது பழைய கணக்கு. இப்போது அடுக்ககத்துக்கு ஒருவர். ஐம்பத்தைந்து வயது, விருப்ப ஓய்வு, ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் சொந்தச் சிறுகதைத் தொகுப்பு பத்துப் பிரதிகள், யார் பெயரும் எழுதாமல் 'அன்புடன்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டுத் தயாராக இருக்கும். இன்னொருவர் எழுதிய புத்தகம் அந்தப் பைக்குள் போனதாக வரலாறு இல்லை.

அவர் படிப்பதில்லை. நேரம் இல்லாமல் இல்லை, சோம்பலும் இல்லை. அது ஒரு விரதம்.

"படிச்சா பாதிப்பு வந்துடும் தம்பி" என்பார். "பாடகருங்க ஐஸ் வாட்டர் தொட மாட்டாங்க இல்லையா? அந்த மாதிரிதான். என் குரலை அப்படிக் காபந்து பண்ணிட்டு வர்றேன்."

காபந்து பண்ணிய குரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத் தொகுப்பைப் படித்தேன். முதல் கதையில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் வெளியே வருகிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார், இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார். இரண்டாவதில் ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்கிறாள், வெளியே இடி இடிக்கிறது. மூன்றாவது கிராமத்துக் கதை. ஆலமரம், அதைச் சுற்றி மேடை, மேடையில் மீசையோடு பண்ணையார். ஆசிரியர் பிறந்து வளர்ந்தது மேற்கு மாம்பலம். அவர் நேரில் பார்த்த ஒரே ஆலமரம் அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் இருக்கிறது, அதுவும் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில். நான்காவது கதையில் நடந்ததெல்லாம் கனவு. எந்த எழுத்தாளரின் பாதிப்பும் இல்லை, உண்மைதான். ஐம்பது வருஷத் தமிழ் சினிமாவும் இருபது வருஷ மெகா சீரியல்களும்தான் ஆளுக்கொரு பக்கமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தன. பார்த்ததெல்லாம் பாதிக்காது, படித்தால்தான் பாதிக்கும் என்பது அவருடைய மருத்துவம்.

ஐந்தாவது கதையில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடவுள் மனித உருவில் ரங்கநாதன் தெருவில் வந்து இறங்குகிறார். காப்பி குடிக்கிறார். ஒரு நடுத்தர வர்க்கத்து ஆசாமியிடம் மாட்டிக்கொள்கிறார். போன் செய்தேன்.

"சார், இதைப் புதுமைப்பித்தன் நாற்பதுகளிலேயே எழுதிட்டாரே. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. அங்கே பிராட்வே, எஸ்பிளனேடு சந்திப்பு. காப்பிகூட உண்டு. பிள்ளை கடவுளிடமே தன் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்பார்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ அவருக்கும் தோணியிருக்கு!" என்றார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "ஒரு வரி படிக்காமலே அவர் இடத்துக்கு வந்து நிக்கிறேன் பாருங்க."

"உங்க கதையில கடவுள்கிட்ட ஆதார் கார்டு கேட்கிறாங்க. அது மட்டும் புதுசு சார்."

"அதைத்தான் சொல்றேன் தம்பி. முன்னாடியே படிச்சிருந்தா இந்தக் கதையை எழுதியிருப்பேனா? கூச்சப்பட்டு விட்டிருப்பேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. படிப்பதன் பலன்களைப் பற்றி மேடைகளில் எத்தனையோ கேட்டிருக்கிறேன்: சொல்வளம், உலக ஞானம், கற்பனை விரிவு. அந்தக் கூச்சத்தை யாரும் சொன்னதில்லை. நம்மவர் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். புதுமைப்பித்தனைப் படித்தவனுக்குக் கடவுளை மறுபடி காப்பி கிளப்புக்கு அனுப்பக் கை வராது. வேறு எங்கே அனுப்புவது என்று நாலு நாள் முழிப்பான், ஒருவேளை கடவுளே வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரரை எழுத ஆரம்பிப்பான். அவனுடைய சொந்தக் கதை அங்கே எங்கேயோதான் கிடக்கிறது.

நம்மவரை ஆதாரம் காட்டி மடக்க முடியாது. ஆதாரங்கள் அவரிடமும் உண்டு, எல்லாம் செவிவழி. புதுமைப்பித்தன் பிற நாட்டுக் கதைகளை ஏராளமாக மொழிபெயர்த்தவர், அதனால் அவர் கந்தசாமிப் பிள்ளையின் நக்கல் மழுங்கிவிட்டதா என்று கேட்டேன். "மாப்பசான் விவகாரம் மறந்து போச்சா?" என்று திருப்பிக் கேட்டார். சில கதைகள் மாப்பசானின் தழுவல் என்று பின்னால் பெரிய சர்ச்சை நடந்தது உண்மைதான். "படிச்சதாலதான் மாட்டினார். நான் மாட்டவே மாட்டேன்" என்றார். சுந்தர ராமசாமி தகழியின் 'செம்மீ'னைத் தமிழாக்கியவர், ஆனாலும் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் மீன் வாடை வீசாது, அங்கே நாற்சந்தியில் நிற்கும் மரம் நாகர்கோவிலுக்கே உரியது என்றேன். "மொழிபெயர்க்கிற நேரத்துல இன்னும் நாலு நாவல் எழுதியிருக்கலாமே" என்று அனுதாபப்பட்டார்.

கடைசியாக அவர் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார். "ஜெயகாந்தன் என்ன படிச்சார்? கி.ரா. என்ன படிச்சார்?"

இந்த அஸ்திரத்தை விடாத படைப்பாளர் தமிழ்நாட்டில் இல்லை. ஜெயகாந்தன் சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த இடம் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம், ஜனசக்தி அச்சகம், ஜீவாவின் நிழல். அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் அன்றைக்குச் சென்னையில் எது? கி.ரா. தன் படிப்பைப் பற்றி அடித்த கிண்டலை நம்மவர் அப்படியே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டுவிட்டார். இடைசெவலில் கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் புத்தகங்களைப் பேசிப் பேசியே வளர்ந்தவர்கள். அழகிரிசாமி மாக்சிம் கார்க்கியைத் தமிழாக்கியவர். இதையெல்லாம் சொன்னால் "அது வேற" என்பார். எப்படி வேறு என்பது இதுவரை தெரியவில்லை.

அவர் வீட்டில் புத்தகமே இல்லை என்று சொன்னால் பாவம். மாஸ்கோவில் அச்சான டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' கெட்டி அட்டையோடு இருக்கிறது, மாமனார் சொத்து. அதன் மேல்தான் லேப்டாப். கழுத்து வலிக்கு டாக்டர் சொன்ன உயரம் சரியாக வருகிறதாம். க.நா.சு.வின் 'படித்திருக்கிறீர்களா?' அலமாரியில் முதுகுப் பக்கம் சுவரைப் பார்த்தபடி நிற்கும். தலைப்பே ஒரு மாதிரி இருக்கிறது என்று திருப்பி வைத்துவிட்டார்.

நூலகத்துக்கு மட்டும் போவார். 'நம்ம புக்' வந்திருக்கிறதா, ரேக்கில் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. லைப்ரரி ஆர்டர் எப்போது வரும், பக்கத்துக்கு எவ்வளவு கணக்கு என்பதெல்லாம் பதிப்பாளரைவிட அவருக்கு அத்துப்படி. ஒரு புத்தகமாவது எடுத்துப் படிக்கக் கூடாதா என்றால் நூலக வரியைக் காட்டுவார். 1948இல் வந்த சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், அதன்படி சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்குகிறார்கள். "வருஷா வருஷம் கட்டறேன் தம்பி. நூலகத்துக்கு நான் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு."

புத்தகக் காட்சியிலும் ஆஜர். தன் தொகுப்பை அடுக்கின் மேலே எடுத்து வைத்துப் படம் பிடித்துக்கொண்டு, டெல்லி அப்பளத்தோடு வெளியே வந்துவிடுவார்.

ஆனால் வெளியீட்டு விழா மேடையில் அவரைப் பார்க்க வேண்டும். வாழ்த்துரைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். புத்தகம் ஒரு மாதம் முன்னாலேயே தபாலில் வந்திருக்கும். பிரிப்பது மேடையில்தான். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து வரவேற்புரை தொடங்கியதும் வேலையை ஆரம்பிப்பார்: பின்னட்டை, சமர்ப்பணம், பொருளடக்கம், கடைசிக் கதையின் கடைசிப் பத்தி. நம் ஊர் வரவேற்புரைக்கு இன்னும் இரண்டு நாவலைக்கூடப் புரட்டலாம். ஒருமுறை பொருளடக்கத்தில் 'மண்' என்றொரு தலைப்பு கண்ணில் பட்டது. எழுந்து, நிலத்தை இழந்த விவசாயியின் கண்ணீர் என்று கால் மணி நேரம் உருகினார். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. கதை, மண் தின்னும் ஒரு மூன்று வயதுக் குழந்தையைப் பற்றியது. நூலாசிரியர் ஏற்புரையில் தழுதழுத்தார்: "என் கதைக்கு இப்படி ஒரு கோணம் இருப்பது எனக்கே தெரியாது."

உலக இலக்கியமும் அவருக்குத் தெரியும், பெயரளவில். மார்க்வெஸ்ஸில் எது பிடிக்கும் என்றால் "பூரா" என்பார். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' பற்றிக் கேட்டால், "அதான் தலைப்புலயே சொல்லிட்டாரே" என்பார். அவருடைய கதை ஒன்றில் சென்னையில் மே மாதம் முழுக்கக் குழாயில் தண்ணீர் வருகிறது. தவறு என்று நினைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். மாய யதார்த்தமாம்.

இவருக்கு நேர் எதிராக இன்னொருவர் உண்டு. எல்லாவற்றையும் படித்துவிட்டு, கூச்சம் முற்றிப்போய், ஒரு வரியும் எழுதாதவர். அவரால் யாருக்கும் தொல்லையில்லை, விட்டுவிடலாம்.

போன வாரம் நம்மவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அடுத்த தொகுப்புக்கு என் அணிந்துரை வேண்டுமாம். கதைகளைக் கொடுத்துவிட்டுப் போங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி அந்தச் சிரமம்? அணிந்துரையை நானே எழுதிட்டேன்."

பையிலிருந்து எடுத்து நீட்டினார். டைப் அடித்து நாலு பக்கம். பழந்தமிழ் முதல் லத்தீன் அமெரிக்கா வரை இந்த ஆசிரியரின் பரந்த வாசிப்பு வரிக்கு வரி தெரிகிறது என்று தொடங்கியது. கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு, அதற்கு மேலே கையெழுத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்.