உயிரோடிருக்கும் உத்தியோகம்

ஓய்வு பெற்றபின் சமுத்திரக் கரையிலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காலையில் காற்று வாங்குவதும் மாலையில் காற்று வாங்குவதுமாக, நடுவில் வேறு ஜோலியே இல்லாமல் ஜீவிக்கப் போகிறோம் என்ற மனோராஜ்யத்தோடு அந்நிய தேசத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு, அங்கே தங்களுக்காக ஓர் உத்தியோகம் காத்திருக்கிறது என்பதை முன்கூட்டி யாரும் சொல்லுவதில்லை. அதற்குச் சம்பளம் கிடையாது, ரஜாவும் கிடையாது. செய்யவேண்டிய காரியமும் ஒன்றே ஒன்றுதான்: உயிரோடு இருக்கிறோம் என்பதை உரியவர்களுக்கு, உரிய காலத்தில், உரிய நமூனாவில் தெரிவித்துக்கொண்டே இருப்பது.

நான் மேற்படி உத்தியோகம் பார்க்கும் ஊர் தாய்லாந்து தேசத்து ஹுவா ஹின். மகளுக்குப் பாங்காக்கில் வேலை. அவளுடைய அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவரும், பேரனும், பேரனுடைய சைக்கிளும் ஒரே சமயத்தில் வாசம் செய்வது அசாத்தியம் என்று தெரிந்தபின், தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தக் கடற்கரைக்கு எங்களை மிகுந்த பிரியத்தோடு அனுப்பிவைத்தாள். சைக்கிள் பாங்காக்கிலேயே இருக்கிறது.

ஊர் சாமானியமான ஊரல்ல; ராஜாக்கள் கோடைக்கு வந்து தங்கிய ஊர். 1920களில் ரயில்வே ஓட்டலும் கால்ஃப் மைதானமும் ஏற்பட்டு, பிரஜாதிபோக் மன்னர் கடலோரத்தில் அரண்மனையும் கட்டிக்கொண்டார். 1932 ஜூன் 24ஆம் தேதி தலைநகரில் புரட்சி நடந்து, மன்னரின் தனியாட்சி முடிந்துவிட்டது என்ற சமாசாரம் வந்து சேர்ந்தபோது, அவர் இங்கே கால்ஃப் ஆடிக்கொண்டிருந்தாராம். அன்று முதல் இன்று வரை, பதவி முடிந்தவர்கள் கால்ஃப் ஆடுவதற்கு இதைப் போன்ற க்ஷேத்திரம் இல்லை என்பது இங்குள்ள ஐரோப்பியர்களின் ஏகோபித்த அபிப்பிராயம்.

50 பிராயம் கடந்த அந்நியனை இத்தேசத்தார் முகமலர்ச்சியோடு வரவேற்கிறார்கள். ஆனால் அவன் பணத்தையும் சற்றுப் பார்த்துவிட்டே வரவேற்கிறார்கள். மாத வருமானம் 65,000 பாட் என்று காட்ட முடியாதவன், 8 லட்சம் பாட்டை இந்நாட்டு வங்கி ஒன்றில் போட்டுவைக்க வேண்டும். ஆண்டுதோறும் அனுமதி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்குமுன் 2 மாதமும், அனுமதி கிடைத்தபின் 3 மாதமும் அந்தப் பணம் அசையக் கூடாது. மற்ற மாதங்களிலும் அது 4 லட்சத்துக்குக் கீழே இறங்கலாகாது. வங்கியில் இருந்தகாலமெல்லாம் தங்கள் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும்படி பிறருக்கு உபதேசம் செய்தே சம்பளம் வாங்கியவன் நான். என் பணத்தையே நான் தூரத்தில் நின்று சேவித்துவிட்டுத் திரும்பும் காலம் வரும் என்றும், வட்டி என்ற பெயரில் வரும் சில்லறையைப் பார்த்து இல்லாள் சிரிப்பாள் என்றும் அப்போது யார் கண்டார்கள்!

இது போக, 90 நாளைக்கு ஒருமுறை, இன்ன விலாசத்தில் இன்னமும் இருக்கிறேன் என்று டி.எம். 47 என்னும் நமூனாவைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை அவகாசம். தவறினால் 2,000 பாட் அபராதம். தபாலிலும் அனுப்பலாம், கணினியிலும் அனுப்பலாம் என்றாலும், இருப்பைத் தெரிவிப்பதற்கு நேரில் போய் நிற்பதைவிடச் சிலாக்கியமான வழி உண்டா என்று எண்ணி நான் நேரிலேயே போகிறேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. சட்டைப்பையில் இரண்டு பேனா, அவற்றில் ஒன்று இரவல் கேட்பவர்களுக்காக. மற்ற நாட்களில் அரைநிஜாரும் வெற்றுமார்புமாய்ச் சஞ்சரிக்கும் பக்கத்து வீட்டு நார்வேக்காரர், கால்சராய்க்கு முழு நீளம் உண்டு என்பதை நினைவுகூரும் புண்ணிய தினமும் அதுதான். குடிவரவு அலுவலகத்தில் இருக்கும் பெண் புன்னகையோடு கடவுச்சீட்டை வாங்கி, பழைய ரசீதைப் பிய்த்தெடுத்துவிட்டு, அடுத்த தேதி போட்ட புதிய ரசீதைச் 'சடக்' என்று பின் அடித்து, கைகூப்பித் திருப்பித் தருவாள். என் கடவுச்சீட்டின் அந்தப் பக்கத்தில் பின் அடித்த துவாரங்கள் பெருகி, வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திர மண்டலம் தெரிகிறது.

"ஏங்க, சாப்பிடக் கூப்பிட்டால் உடனே வந்து உட்கார்ந்துவிடுகிறீர்களே, அதைவிட என்ன சாட்சி வேண்டுமாம் அவர்களுக்கு?" என்று இல்லாள் கேட்கிறாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கறியிலும் மீன் ரசத்தை ஒரு சொட்டாவது விட்டுவிடும் இந்தத் தேசத்தில் சைவ உணவுக்காரன் உயிரோடிருப்பதே ஒரு சாதனை. அந்தச் சாதனைக்குக் காரணம் அவளுடைய அடுப்பும், கடைவாசலில் மஞ்சள் கொடி கட்டி 'ஜே' உணவு விற்கும் ஓர் அம்மாளுந்தான். அவ்வுணவில் மாமிசம் மாத்திரமல்ல, வெங்காயமும் பூண்டும் கூட விலக்கு. இதைக் கேட்ட மாத்திரத்தில் என் இல்லாள் அந்தக் கடைக்காரியைத் திருநெல்வேலியில் தன் சொந்தத் தெருவில் பிறந்தவளாகவே பாவித்து, பாஷை தெரியாமலே உறவு கொண்டாடத் தொடங்கிவிட்டாள். சித்திரை முதல் தேதியை ஒட்டி இவர்களுக்கும் சோங்க்ரான் என்ற புத்தாண்டு; ஏப்ரல் 13 முதல் 15 வரை தெருவில் தலை காட்டினால் வாளி வாளியாக அபிஷேகம். கடைக்கார அம்மாள் மட்டும், இல்லாள் நம் புத்தாண்டுக்குச் செய்த வேப்பம்பூப் பச்சடியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கசக்கலாம் என்று ஜாடையில் தெரிவித்தாள்.

மாலை நேரத்துக் காப்பிக்கடைச் சதஸில் எங்கள் உத்தியோகத்தைப் பற்றிய சம்பாஷணைதான் பிரதானம். ஊர் கிழக்கு பார்த்த ஊர். சூரியன் கடலில் உதிக்குமே தவிரக் கடலில் அஸ்தமிக்காது. இது தெரிந்திருந்தும் அங்கே ஓர் ஆங்கிலேயர், மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் வேளையில், கடலைப் பார்த்து நாற்காலி போட்டுக்கொண்டு அஸ்தமனத்துக்காகக் காத்திருப்பார். அவருடைய துக்கம் தனி ரகம். அவருடைய அரசாங்கம் தன் முதியோர் ஓய்வூதியத்தைச் சில தேசங்களில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் உயர்த்துவதில்லை. தாய்லாந்து அப்படிப்பட்ட தேசங்களில் ஒன்று. இங்கு வந்த புதிதில் வாங்கிய தொகையையே இன்றும் வாங்குகிறார். பியர் விலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இவ்வளவு குறைத்துக் கொடுக்கும் ஓய்வூதியத்துக்கும், இருக்கிறீரா என்று கேட்டு அங்கிருந்து காகிதம் வருகிறதாம். ஜெர்மனிக்காரருக்கும் அப்படியே. நான் நவம்பர் மாதத்தைப் பற்றிச் சொன்னதும் மேசையைச் சுற்றி ஒரு சகோதர பாவம் உண்டாயிற்று.

நவம்பர் மாதம் இந்திய ஓய்வூதியக்காரன் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டிய மாதம். 2014 நவம்பரில் மத்திய அரசாங்கம் இதற்கு 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு ஏற்பாட்டைத் தொடங்கிற்று; இப்போதோ கைப்பேசியில் முகத்தைக் காட்டிக் கண்ணைக் கொட்டினால் போதும் என்கிறார்கள். சுயம்வர மண்டபத்தில் தேவர்களுக்கு நடுவே நின்ற நளன் எவன் என்று அறியத் தமயந்தி கையாண்ட பரீட்சையும் இதுவேயல்லவா? ஆனால் காகிதத்தோடு வளர்ந்தவனுக்குக் கண் இமைப்பில் நம்பிக்கை பிறப்பதில்லை. ஆகையால் சான்றிதழைக் காகிதத்திலேயே தயார் செய்து, அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, விலாசத்துக்கு ஆதாரமாக வீட்டுக்கார அம்மாள் தந்த வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்து என் பழைய கிளைக்கு அனுப்பினேன்.

ஒப்பந்தத்தில் இத்தேசத்து வழக்கப்படி புத்த சகாப்தம் போட்டிருந்தது; நம் 2025 அவர்களுக்கு 2568. கிளையிலிருந்து ஓர் இளைஞர், வெகு மரியாதையாக, "இணைக்கப்பட்ட ஆவணம் எதிர்காலத் தேதியிட்டதாக இருப்பதால் விளக்கம் தேவை" என்று எழுதியிருந்தார். நானும் மரியாதை குன்றாமலே பதில் எழுதினேன்: 2568ஆம் ஆண்டிலும் நான் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பதற்கு மேற்படி ஆவணமே அத்தாட்சியாகையால், இடைப்பட்ட 543 ஆண்டுகளுக்கும் நவம்பர் மாதச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். விஷயம் மேலதிகாரியின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று தகவல் வந்திருக்கிறது.